தண்டட்டிக் காது

மதுரையில் ஒருவர் இறந்துபோனால் வீட்டார் முதலில் தேடுவது போட்டோவைத்தான். ஐஸ் பெட்டிக்குச் சொல்வது, பந்தல்காரரைப் பிடிப்பது, சொந்தபந்தத்துக்குத் தாக்கல் அனுப்புவது எல்லாவற்றையும் தெருக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். போஸ்டருக்குப் படம் மட்டும் வீட்டுக்காரர்கள்தான் கொடுத்தாக வேண்டும். விடிவதற்குள் சுவரில் ஏற வேண்டிய போஸ்டர் அது. எண்பது வருஷம் வாழ்ந்த மனுஷிக்கு நேராகப் பார்த்தபடி ஒரு படம் கிடைக்காது. பேத்தி சடங்கில் பந்தியில் உட்கார்ந்து வாயில் சோற்றோடு எடுத்தது, பழைய ரேஷன் கார்டில் கரிக்கட்டையாக விழுந்தது, ஆதார் அட்டையில் மிரண்டு முழிப்பது. இவ்வளவுதான் தேறும்.

புரூஃப் பார்த்தே காலம் தள்ளியவன் நான். அச்சகத்தை மூடிய பிறகு கீழவாசல் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் சாயங்காலம் போய் உட்காருவது பழக்கமாகிவிட்டது. கடைத் தம்பி எழுத்தை அடித்து முடித்துவிட்டு, "அண்ணே, ஒரு கண்ணு பாருங்க" என்பான். சம்பளம் கிடையாது, டீ உண்டு. ‘கண்ணீர் அஞ்சலி’யில் ஒற்று விழுந்துவிட்டால் செத்தவருக்கு ஒன்றுமில்லை, எனக்கு ராத்தூக்கம் போய்விடும்.

அப்படி ஒரு சாயங்காலம் அண்ணனும் தங்கச்சியுமாக ஒரு ஆதார் நகலோடு வந்தார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். படத்தில் கண் எது மூக்கு எது என்று தெரியவில்லை. தம்பி அதை ஸ்கேன் செய்து ஏதோ ஒரு செயலியில் ஏற்றினான். டீ ஆறுவதற்குள் ஒரு கிழவியின் முகம் பளிச்சென்று திரையில் வந்து நின்றது. ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. அண்ணன்காரர், "அப்படியே ஆத்தாதான்யா" என்று கும்பிட்டே விட்டார். தங்கச்சி கும்பிடவில்லை. திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"எங்காத்தா ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருக்கும். இதுல ஒண்ணுதான இருக்கு. பல்லு வேற வரிசையா இருக்கு. காதப் பாருங்கண்ணே, காது எங்க போச்சு?"

காது போய்த்தான் இருந்தது. தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கிய காதை அந்தச் செயலி மேலே தூக்கி, பள்ளிக்கூடத்து டீச்சருக்கு இருப்பது போல அளவான காதாக ஒட்டவைத்திருந்தது. இந்த வகைச் செயலி மங்கிய படத்தைத் துடைத்துத் துலக்குவதில்லை. தான் பார்த்துப் பழகிய லட்சக்கணக்கான முகங்களைக் கொண்டு, இங்கே இது இருந்திருக்கலாம் என்று புதிதாக வரைகிறது. அது பழகிய முகங்களில் தண்டட்டி போட்ட கிழவிகள் எத்தனை பேர் இருந்திருக்கப் போகிறார்கள்? அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் கடை வாசலிலேயே வாக்குவாதம் வந்துவிட்டது. கடைசியில் சேலையும் பின்னாடி மேகமும் மிஷின் போட்டது, முகம் ஆதாரில் இருந்தது என்று பஞ்சாயத்து முடிந்தது. போஸ்டரில் அந்த அம்மா மேகத்துக்கு நடுவில் மங்கலாகத்தான் இருந்தார். காது தெரிந்தது.

படத்தில் பொய் சொல்வது இந்த ஊருக்குப் புதிதில்லை. தங்கம் தியேட்டர் இருந்த காலத்தில் பேனர் எழுதிய பெயிண்டர் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். ஸ்டில் போட்டோவில் பென்சிலால் கட்டம் போட்டு, காடாத் துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக முகத்தை ஏற்றுவார். எம்.ஜி.ஆர். முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து எந்தப் பேனரிலும் நான் பார்த்ததில்லை. கன்னத்தில் ரோஸ், தாடையோரம் பச்சை நிழல். எந்த மனுஷனுக்குத் தாடை பச்சையாக இருக்கும்? ஆனால் ரோட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால் உயிரோடு இருக்கும். ஒருமுறை மூக்கு சரியில்லை என்று மன்றத்துப் பையன்கள் கும்பலாக வந்து சாரத்துக்குக் கீழே நின்று சத்தம் போட்டார்கள். அண்ணன் மேலே இருந்தபடியே பீடியைத் துப்பிவிட்டு, "எந்தப் பக்கம்டா சரியில்ல, சொல்லித் தொலைங்க" என்றார். சொன்னார்கள். திருத்தினார். ஓரத்தில் அவர் கையெழுத்தும் இருக்கும். சண்டை போட ஆளும் இருந்தார், இடமும் தெரியும்.

2000-ஐ ஒட்டி ஃப்ளெக்ஸ் வந்தது. வந்த வேகத்தில் பெயிண்டர் அண்ணன் கோயில் சுவருக்கும் பாலர் பள்ளி யானைக்குட்டிக்கும் போய்விட்டார். ஊரில் யாரும் அதற்காக அழுததாக நினைவில்லை. சினிமாக்காரருக்கு மட்டும் இருந்த பேனர் காதுகுத்துக்கும் வந்தது, வார்டு பிரதிநிதிக்கும் வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். பல வருஷம் கழித்து டீக்கடையில் பார்த்தபோது அவர் சொன்னார்: "அன்னைக்கு ஒருத்தனும் அச்சச்சோன்னு சொல்லல தம்பி. இன்னைக்கு ஃப்ளெக்ஸ்காரன் எங்கிட்ட வந்து ஏஐ வந்துருச்சுண்ணேன்னு அழுகுறான். நான் என்ன சொல்ல?"

எங்கள் அச்சகத்திலும் இதே கதைதான். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கும் கம்போசிட்டர்கள் இருந்தார்கள். இடது கையில் ஸ்டிக், வலது கை தானாக ஓடும். எழுத்தைக் கண்ணாடி பிம்பமாகத் தலைகீழாகவே வாசிப்பார்கள். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டரும் பேஜ்மேக்கரும் வந்து உட்கார்ந்தபோது ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். முதலாளிக்கு லாபம், வாடிக்கையாளருக்கு அழகு, புரூஃப் ரீடருக்கு வேலை கூடியது. தட்டச்சு தெரிந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியாது, அதனால் பிழை அதிகம், அதனால் எனக்குச் சோறு. அந்த வருஷங்களில் கம்ப்யூட்டரைப் பற்றி யார் என்னிடம் கருத்துக் கேட்டிருந்தாலும் நல்லதுதான் என்றிருப்பேன்.

என் சித்தப்பா வங்கியில் இருந்தார். அவர் வேறு உலகம். கம்ப்யூட்டர் வரக் கூடாது என்று வாயிற்கூட்டம் போட்டவர்களில் அவரும் ஒருவர். அப்புறம் 1983-இல் வங்கி நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் ஒப்பந்தம் ஆனது. எந்த இடத்தில் மிஷின் வரலாம், அதைத் தொடும் ஊழியருக்கு என்ன தனிப்படி என்பதையெல்லாம் பேசித்தான் உள்ளே விட்டார்கள். கம்ப்யூட்டர் என்ற பேரைச் சொன்னாலே சண்டை வரும் என்று, வந்ததை லெட்ஜர் போஸ்டிங் மெஷின் என்று சொல்லிக்கொண்டார்கள். சித்தப்பாவை அந்தக் காலத்தில் பிற்போக்கு என்று கேலி செய்தோம். இப்போது யோசித்தால், மிஷின் வரும் முன்பு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசக் கிடைத்தவர்கள் அவர்கள் மட்டும்தான். பெயிண்டருக்கும் கம்போசிட்டருக்கும் எந்த மேசை இருந்தது?

2023-இல் அமெரிக்காவில் சினிமா, டிவி எழுத்தாளர்கள் மே மாதம் தொடங்கி 148 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது எனக்குச் சித்தப்பா நினைவுதான் வந்தது. ஏஐ எழுதியதை எழுத்தாளரின் மூலப் பிரதியாகக் கணக்கில் வைக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே ஏற்றிவிட்டுத்தான் எழுந்தார்கள். ஃப்ளெக்ஸ் கடைத் தம்பியிடம் இதைச் சொன்னேன். "நம்ம கடைக்குச் சங்கமே பக்கத்து ஜெராக்ஸ் கடைதாண்ணே" என்றான்.

அவன் பயம் நியாயமானது. முன்பெல்லாம் படத்தோடு வருவார்கள், டிசைன் இவன் போடுவான், அதற்கு ஒரு கூலி. இப்போது போனிலேயே சிங்கத்தின் மேல் குழந்தை, பின்னாடி கோபுரம், மேலே பூமழை என்று எல்லாம் செய்துகொண்டு வந்து, "இத அப்படியே போட்டுருங்க" என்கிறார்கள். சதுர அடிக் காசுதான் மிச்சம். படம் பிரமாதமாக இருக்கும். கீழே எழுத்துதான் வினோதம். தூரத்தில் தமிழ் போலத் தெரியும், கிட்டே போனால் எந்த மொழியிலும் சேராது. ழகரத்துக்குக் கொம்பு முளைத்து, ணகரம் நாலு சுழி சுழித்திருக்கும். நானும் அவனும் அதை வைத்துச் சிரிப்போம். சிரிப்பு எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை, மாசத்துக்கு மாசம் எழுத்து தேறிக்கொண்டு வருகிறது.

அதே தம்பிதான் தன் மகளுக்குப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு உரையை ஏஐயிடம் வாங்கிக் கொடுக்கிறான். "ரெண்டு நிமிஷம்ணே, என்னா தமிழு!" படம் போடுவதில் அதைத் திருடன் என்பவனுக்கு எழுத்தில் அது வாத்தியார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழ் ஐயா ஒருவர் இருக்கிறார். கல்யாணமா, மணிவிழாவா, பணிநிறைவா, வாழ்த்து மடல் அவர்தான் எழுதுவார். எண்சீர் விருத்தம், ஓரத்தில் பொன்னிறப் பூவேலை, கண்ணாடிச் சட்டம். இப்போது ஆறு மாசமாக ஒருவரும் வாசற்படி ஏறவில்லை. எல்லாருடைய போனிலும் ஒரு புலவர் இருக்கிறார். தளை தட்டுகிறது என்று அவர் சொன்னால் கேட்க ஆளில்லை, மேடையில் வாசிக்கும்போது கைதட்டல் குறையவில்லை. ஐயாவுக்கு அதில் மனவருத்தம் உண்டு. ஆனால் 2025 மார்ச் கடைசியில் எல்லாரும் குடும்பப் படத்தை ஜப்பானிய கிப்லி பாணிக் கார்ட்டூனாக மாற்றிக்கொண்டிருந்தார்களே, அப்போது பேரனை விட்டுத் தன் அறுபதாம் கல்யாணப் படத்தை மாற்றி, வாட்ஸப் முகப்பில் வைத்துக்கொண்டவர் அதே ஐயாதான். அந்தப் பாணியைக் கையால் வரைந்து வரைந்து உண்டாக்கிய மியாசாகி என்ற கிழவர் ஜப்பானில் இருக்கிறார் என்றேன். "அப்படியா, பாவம்" என்றார். முகப்பு மாறவில்லை.

பியூ ஆய்வு மையம் அமெரிக்காவில் எடுத்த கணக்கு ஒன்றை 2025 ஏப்ரலில் வெளியிட்டது. அடுத்த 20 வருஷத்தில் ஏஐ நாட்டுக்கு நல்லது செய்யும் என்றவர்கள், அந்தத் துறை வல்லுநர்களில் 56 சதவீதம். பொதுமக்களில் 17. அதே மையம் 25 நாடுகளில் கேட்டபோது, ஆர்வத்தைவிடக் கவலையே அதிகம் என்றவர்கள் அமெரிக்காவில் பாதிப்பேர், தென்கொரியாவில் 16 சதவீதம்தான். படித்துவிட்டு யோசித்தேன். உங்களுக்கு ஆர்வமா, கவலையா என்று கீழவாசலில் கேட்டால், "எதுக்குங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். எதற்கு, யார் வீட்டில், யாரைக் கேட்டு. அது தெரியாமல் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

கலெக்டர் ஆபீசுக்கு ஒரு திங்கட்கிழமை பட்டா விஷயமாகப் போனேன். குறைதீர்க்கும் நாள். மரத்தடியில் மனு எழுதுபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், கூட்டம் முன்போல இல்லை. எனக்குத் தெரிந்த பெரியவர் சும்மா இருந்தார். ஒரு காலேஜ் பையன் பாட்டியின் முதியோர் உதவித்தொகைக்குப் போனில் எழுதி, இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். பெரியவர் வாங்கிப் பார்த்தார். மதிப்பிற்குரிய, மேன்மைதங்கிய, சமூக நீதி, வாழ்வாதாரம், கண்ணியம் எல்லாம் இருந்தது. எந்தத் தாலுகா, எந்த ஃபிர்கா, முன்பு கொடுத்த மனுவின் எண் எது, எந்தத் தேதியில் தள்ளுபடி ஆனது என்பது எங்கேயும் இல்லை. பெரியவர் பையனிடம் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. "பேப்பர அது எழுதிருச்சு தம்பி. உங்க பாட்டிக்கு ஆம்பளப் புள்ள இருக்கான்னு ஆர்.ஐ. கேப்பாரு. அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு அது சொல்லுச்சா?" பையன் தலையைச் சொறிந்தான். பாட்டிக்குப் புரிந்துவிட்டது, பெரியவருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மார்ஃபிங் பயம் தனிக்கதை. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஏஐ என்றால் முதலில் அதுதான். 2023 நவம்பரில் ராஷ்மிகா முகத்தை வேறொரு பெண்ணின் உடம்பில் ஒட்டிய வீடியோ சுற்றியபோது என் அண்ணன் மகள் தன் படங்களையெல்லாம் எடுத்துவிட்டாள். அவள் எந்தக் கருத்துக்கணிப்பிலும் வரமாட்டாள்.

குரல் வந்த கதைக்கு வருகிறேன். 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டுக்குக் கலைஞர் வந்து வாழ்த்திப் பேசினார், மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியுமாக. அவர் மறைந்தது 2018-இல். அடுத்த மாதம் 24-ஆம் தேதி, ஜெயலலிதா பிறந்தநாளில், அவர் குரலில் ஏஐ பேசிய ஓர் ஒலிப்பதிவை அ.தி.மு.க. வெளியிட்டது. எதிர்வீட்டு அம்மா இரட்டை இலை தவிர வேறு எதற்கும் ஓட்டுப் போட்டதில்லை. போனைக் காதில் வைத்துக் கேட்டார், இரண்டு தடவை கேட்டார். "குரல் அம்மாதான். ஆனா அம்மா உயிரோட இருந்தா இப்புடிப் பேசச் சொல்லி ஒருத்தன் எழுதிக் குடுத்துருப்பானா?" என்றார். அரசியல் விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதில் இந்தக் கேள்வி அளவுக்கு எனக்கு எதுவும் படவில்லை.

சினிமாவிலும் ஜனங்கள் கேட்டது, யாரைக் கேட்டுச் செய்தார்கள் என்பதைத்தான். ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவர் குரலையும் ரஹ்மான் ஒரு பாட்டில் கொண்டுவந்தபோது முதலில் கொஞ்சம் சலசலப்பு. குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்தோம் என்று அவர் சொன்னதும் அடங்கிவிட்டது. அதே சமயத்தில் ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி.பி. குரலைத் தங்களைக் கேட்காமல் பயன்படுத்தினார்கள் என்று அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார். ஊர் சரண் பக்கம் நின்றது. அக்கா பவதாரிணி போன பிறகு அவர் குரலை யுவன் ‘கோட்’ படத்தில் பாடவைத்தபோது யாரும் தப்புச் சொல்லவில்லை, கூடப்பிறந்த தம்பி செய்தது. அந்தப் படத்தின் தொடக்கத்தில் விஜயகாந்த் முகம் வந்ததும் மதுரைத் தியேட்டரில் எழுந்த சத்தத்தில் வசனமே கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் இல்லையா. பக்கத்து சீட்டில் வேட்டி கட்டிய ஒருவர் விசில் அடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

‘அம்பிகாபதி’ படத்தை 2025 ஆகஸ்டில் ஏஐயால் முடிவு மாற்றி மறுபடி ஓட்டினார்கள், செத்த தனுஷ் பிழைத்துக்கொள்கிறார். தனுஷும் இயக்குநரும் கோபப்பட்டார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் இதைப் பேசியபோது, "பொழச்சா நல்லதுதானண்ணே" என்றான் தம்பி. டிசைன் கூலி போனதற்கு அவ்வளவு பேசியவன். இது வேறொருவன் தொழில், அதுதான்.

இதையெல்லாம் ஒரு கணக்கில் அடைத்துவிட்டதாக நினைத்திருந்தேன். சொந்தக்காரர்கள் கேட்டுச் செய்தால் சரி, கேட்காமல் செய்தால் தப்பு. அப்புறம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பெண்ணின் அப்பா நாலு வருஷத்துக்கு முன்பு தவறிப்போனவர். வரவேற்பில் பாட்டுக் கச்சேரியை நிறுத்தி விளக்கை அணைத்தார்கள். எல்இடி திரையில் மேகத்துக்குள்ளிருந்து அவர் இறங்கி வந்தார், பட்டு வேட்டி சட்டையோடு. மணமேடைப் படிக்கட்டில் ஏறி, மகள் தலையில் கைவைத்து, கட்டிப்பிடித்து, திரும்பி எங்களையெல்லாம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மண்டபமே அழுதது. வீடியோக்காரரின் பேக்கேஜில் இதுவும் ஒன்று. மகன்தான் சொல்லிச் செய்திருக்கிறான், அக்காவுக்குத் தெரியாமல் வைத்திருந்து. அனுமதிக்கு இதைவிட உரிமை உள்ளவர் யார்?

எனக்குப் பின்வரிசையில் செத்தவரின் அக்கா உட்கார்ந்திருந்தார். மூக்கைச் சிந்திக்கொண்டே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "உசுரோட இருந்தவரைக்கும் இவன் ஒருநாளும் அந்தப் புள்ள தலையில கைவச்சதில்லடீ. பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்ப மாட்டேன்னு நின்னவன்." சொல்லிவிட்டு அவரும் அழுதார். பெண்ணின் அம்மா அழவில்லை. திரையைப் பார்த்தபடி வீடியோக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இன்னொரு வாட்டி போடச் சொன்னார். போட்டார்கள். இரண்டாவது தடவை பார்க்கும்போது அந்த மனுஷர் கும்பிடும் கையில் விரல்கள் சரியாக இருக்கின்றனவா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன், புரூஃப் பார்த்த புத்தி. சரியாகத்தான் இருந்தன. அந்த அம்மாவின் ஆசையைத் தப்பென்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, அத்தை சொன்னதையும் தள்ள முடியவில்லை. இதை ஃப்ளெக்ஸ் கடையில் சொன்னபோது தம்பி உடனே, "எந்த ஸ்டுடியோண்ணே, எவ்வளவு வாங்குனாங்க?" என்றான். அடுத்த வாரம் அவன் கடை வாசலிலும் அந்த வேலை செய்து தரப்படும் என்று சின்ன போர்டு வந்தது. உசிலம்பட்டி அண்ணன் தங்கச்சி சண்டையை நினைவில் வைத்திருக்கிறான் போலிருக்கிறது. ‘குடும்பத்தார் அனைவரும் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே பிரிண்ட்’ என்று கீழே ஒரு வரி போட்டிருந்தான். ‘ஒப்புதல்’ சரியா என்று என்னிடம் கேட்டான்.

பட்டா இன்னும் வரவில்லை. போன திங்கட்கிழமையும் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். மனு எழுதும் பெரியவர் முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள், கையில் எல்லாம் பிரிண்ட் எடுத்த தாள். அவர் தலைக்கு மேலே மரத்தில் அட்டை ஒன்று தொங்கியது, அவர் கையெழுத்தில்: ‘செல்போனில் எழுதிய மனு சரிபார்த்துத் தரப்படும்.’ வியாபாரம் எப்படி என்றேன். சிவப்பு மையில் ஒரு முழுப் பத்தியை அடித்துக்கொண்டே, "எழுதுறதவிட இதுக்கு அஞ்சு ரூவா கூட வாங்குறேன். அடிக்கத்தான நேரமாகுது" என்றார்.